சொல்லாமல் புதைத்தால் புதையல்!

புதையல் என்றால் என்ன? சினிமாவில் பூதம் காவல் காக்குமே, அதை மறந்துவிடுங்கள். யாரோ ஒருவர் தன் சொத்தைப் பத்திரமாக ஒளித்து வைத்தார். திரும்ப எடுக்க வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். அவருக்கு அது சேமிப்பு. நமக்குப் புதையல்!

1898-ல் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், கருக்காக்குறிச்சி என்ற ஊரில், மண்ணுக்குள்ளிருந்து 501 ரோமானியத் தங்கக் காசுகள் வெளியே வந்தன. கி.பி. முதல் நூற்றாண்டுக் காசுகள். பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தில் ஓர் உளி வெட்டு. ‘இனி இது நாணயமாகச் செல்லாது, வெறும் தங்கம்தான்’ என்பதற்கான அடையாளம் என்கிறார்கள். ஏறக்குறைய 1,800 வருஷம் ஒரு திருடன் கையிலும் சிக்காமல் இருந்திருக்கிறது அந்தத் தங்கம். பாதுகாப்புக்கு நூற்றுக்கு நூறு மார்க் போடலாம். வைத்தவருக்கோ அவர் வாரிசுக்கோ ஒரு காசு உதவவில்லை. அதற்கு மார்க் பூஜ்யம்!

கிரிப்டோ கரன்சி பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் ரோமானியக் காசில் ஆரம்பிக்கிறேன் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. ‘ஆசைக்கு ஒரு பத்தாயிரத்துக்கு பிட்காயின் வாங்கினேன், இதை எங்கே சார் வைப்பது?’ என்று இன்றைக்கு ஓர் இளைஞர் கேட்டால், அது புதுக் கேள்வி இல்லை. சம்பாதித்ததைத் தன் கையில் வைப்பதா, அடுத்தவர் கையில் கொடுப்பதா? நம் விருதுநகர் சீமை வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விதான்.

*

விருதுநகரில் பெரிதாக ஒன்றும் விளையாது. ஆனால் பருப்பும் வத்தலும் எண்ணெயும் என்ன விலை விற்கும் என்பதை அந்த ஊர் சொல்லும். 1923-ல் ‘விருதுநகர்’ என்று பெயர் மாறும்வரை அது விருதுபட்டி. மாட்டு வண்டியில் சரக்கேற்றிப் போன காலத்தில் வழியெல்லாம் கொள்ளை பயம். சரக்குக்கும் காவல் இல்லை, விற்ற காசுக்கும் காவல் இல்லை. அதற்கு நாடார் வியாபாரிகள் கண்டுபிடித்த வழிதான் ‘பேட்டை’. சுற்றிலும் உயர்ந்த மதில். உள்ளே வண்டி நிறுத்த இடம், மாடு கட்ட இடம், சரக்கு இறக்க இடம். ராத்திரி கதவைச் சாத்திவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்தப் பேட்டைகளைக் கட்டிக்காக்கப் பணம்? அதற்குத்தான் ‘மகமை’. விற்கிற, வாங்குகிற சரக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொதுவில் போட வேண்டும். அந்தப் பொதுப் பணத்தில்தான் பிறகு கோயிலும் கிணறும் பள்ளிக்கூடமும் வந்தன. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா, இப்படி ஊர்ப் பணத்தில் நடந்த பள்ளிதான்.

ஆனால் மதிலுக்கும் ஓர் எல்லை உண்டு. 1899 ஜூன் 6. சாதிப் பகை முற்றி, ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து சிவகாசியைச் சூறையாடினார்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. ‘சிவகாசிக் கொள்ளை’ என்று சரித்திரத்தில் பதிந்துபோன நாள். வீட்டுக்குள் வைத்திருந்தது வீட்டோடு போயிற்று!

வீட்டில் வைத்தால் ஆபத்து. சரி, பேங்கில் போடலாமே? அந்தக் கதையையும் கேளுங்கள்.

சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் கம்பெனி, மலை மாதிரி நம்பிக்கை. 1906 அக்டோபர் 22 அன்று, ‘பணம் கொடுக்க முடியாது’ என்று கதவைச் சாத்திவிட்டது. ஜனங்கள் நம்பிப் போட்ட பணத்தில் லண்டன் கூட்டாளி மக்ஃபேடியன் சூதாட்டம் மாதிரி வியாபாரம் செய்து தோற்றிருந்தார். அவர் ரயிலில் விழுந்து செத்தார். சென்னையில் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். போட்டவர்கள் கதறினார்கள். அந்தக் கண்ணீரிலிருந்துதான் மறுவருஷம் இந்தியன் பேங்க் பிறந்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பேங்க் வந்தது. 1962-ல் பெயர் மாறி, இன்றைக்கு தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு பாடம் நினைவிருக்கும். பேங்கில் நீங்கள் போட்ட பணம், போட்ட நிமிஷத்திலிருந்து பேங்கின் பணம். அவர்கள் கடன்காரர், நீங்கள் கடன் கொடுத்தவர். பாஸ்புக்கில் இருப்பது பணமல்ல, ‘தருகிறேன்’ என்கிற வாக்கு. வாக்கு தவறினால்? 1960-ல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பேங்க் மூழ்கியபோது சர்க்காருக்கே உறைத்தது. 1962 ஜனவரி முதல் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. முதலில் 1,500 ரூபாய்க்கு. 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சத்துக்கு.

கிரிப்டோவுக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. இதை மட்டும் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

*

2008 அக்டோபர் 31-ம் தேதி, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை இன்டர்நெட்டில் வெளியிட்டார். 2009 ஜனவரியில் பிட்காயின் ஓட ஆரம்பித்தது. அவர் யார் என்பது இன்றுவரை ரகசியம். அவர் சொன்ன யோசனை இதுதான்: பேங்கே வேண்டாம். ஊர் உலகமே பார்க்கும்படி ஒரே ஒரு பேரேடு. அதன் நகல் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கும். யார் கணக்கில் எவ்வளவு என்பது அதில் பதிவாகும்.

அப்படியானால் காயின் எங்கே இருக்கிறது? போனிலும் இல்லை, பென் டிரைவிலும் இல்லை. பேரேட்டில் வெறும் பற்று வரவாக இருக்கிறது. உங்களிடம் இருப்பது சாவி. அதாவது ஒரு ராட்சச எண். அந்தச் சாவியால் கையெழுத்துப் போட்டால்தான் பேரேட்டில் பணம் நகரும். சாவி யாரிடமோ, சொத்து அவரிடம். கோர்ட், போலீஸ், மேனேஜர் யாரையும் அந்தப் பேரேடு கேட்காது!

புதிதாக வாங்குகிற பலரும் என்ன செய்கிறார்கள்? ‘எக்ஸ்சேஞ்ச்’ எனப்படும் கம்பெனியின் ஆப்பில் வாங்கி, அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சாவி கம்பெனியிடம். திரையில் தெரியும் தொகை, பழைய பாஸ்புக் மாதிரி வெறும் வாக்கு.

2018 டிசம்பர். கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்ட் காட்டன், நம்ம ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். வயது 30. ‘சாவிகள் அவருக்கு மட்டும்தான் தெரியும்’ என்றது கம்பெனி. சுமார் 76,000 வாடிக்கையாளர்கள் பதறினார்கள். தோண்டிப் பார்த்தால், பெட்டகங்களில் பெரும்பாலானவை மனிதர் சாவதற்குப் பல மாதம் முன்பே காலி! வாடிக்கையாளர் பணத்தை வைத்து அவரே ஆடித் தோற்றிருந்தார் என்று 2020-ல் அறிக்கை வந்தது. ஆர்பத்நாட் கதைதான். ஊரும் வருஷமும் மட்டும் வேறு.

அடுத்தது நம் வாசலிலேயே நடந்தது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. வட கொரியக் கும்பலின் வேலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து சொல்லின. இதில் ஒரு சென்னைக்காரர் சுமார் 2 லட்ச ரூபாய்க்கு வேறு வகைக் காயின் வாங்கி வைத்திருந்தார். திருடு போன வகையே அல்ல அது. ஆனாலும் அவர் கணக்கும் முடங்கியது. நஷ்டத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ‘கிரிப்டோ என்பது ஒரு சொத்துதான்’ என்று 2025 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டு லட்ச ரூபாய் சொத்தைத் தன்னுடையது என்று சொல்லவே ஹைகோர்ட் படியேற வேண்டியிருந்தது. சாவி அவர் கையில் இல்லாததுதான் காரணம்.

*

சரி, சாவியை நம் கையில் வைத்துக்கொள்வது எப்படி?

இதற்கு சிவகாசியே பாடம் சொல்லும். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறையில் மலையாக மருந்தைக் குவித்து வைக்கக் கூடாது. வேலைக்கு வேண்டிய அளவு மட்டும்தான். மொத்தச் சரக்கு தள்ளி இருக்கிற மேகஸினில், பூட்டுக்குள். இந்த விதியை மீறிய இடங்களில் என்ன நடந்திருக்கிறது என்பதை அந்தப் பகுதி மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிரிப்டோவிலும் அதே கணக்கு. அவ்வப்போது வாங்கி விற்கிற சிறு தொகை ஆப்பில் இருக்கட்டும். தொடாமல் வைக்கப் போவது தள்ளி இருக்கட்டும், இன்டர்நெட் வாடையே படாத இடத்தில்.

அந்த மேகஸினுக்குப் பெயர் ‘ஹார்டுவேர் வாலட்’. பென் டிரைவ் சைஸ் கருவி. சாவி அதற்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே இருக்கும். கையெழுத்து மட்டும்தான் வெளியே வரும். முதல் கருவி 2014-ல் செக் நாட்டிலிருந்து வந்தது. ஆனால் விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். உங்களிடம் இருப்பதே இரண்டாயிரத்துக்குத்தான் என்றால், ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ கதை! அப்போது சாவியை உங்களிடமே தருகிற நல்ல மொபைல் வாலட் போதும். அது முழுப் பாதுகாப்பு இல்லைதான். போன இடத்தில் தொலைந்தால் தாங்குகிற தொகை மட்டும் அதில் இருக்கட்டும்.

கருவியைத் தயாரித்த கம்பெனியிடமே நேரடியாக வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். முதல் தடவை ஆன் செய்ததும் அது 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளைக் காட்டும். 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து பொறுக்கியவை. அந்த வார்த்தைகள்தான், அந்த வரிசையில், உங்கள் சாவி. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும், வேறொரு கருவியில் அதே வார்த்தைகளைப் போட்டால் சொத்து திரும்பி வரும். டப்பாவிலேயே வார்த்தைகளை அச்சடித்து ‘ரெடியாக’ அனுப்பியிருந்தால்? அனுப்பியவனிடமும் அதே வார்த்தைகள் இருக்கின்றன. தூக்கிப் போடுங்கள்.

கையால் எழுதுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ போடாதீர்கள். ஜெராக்ஸ் கடைப் பக்கமே போகாதீர்கள். ‘கம்பெனியிலிருந்து பேசுகிறோம், வார்த்தைகளைச் சொல்லுங்கள்’ என்று யார் கேட்டாலும், கேட்டவன் திருடன். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

காகிதத்துக்குக் கரையான், மழை, தீ என்று எதிரிகள் அதிகம். அதனால் எவர்சில்வர் தகட்டில் பதிப்பவர்கள் உண்டு. நம்மூரில் சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதே மாதிரிதான். ஆனால் பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டக் கூடாது! ஹார்டுவேர் கடையில் எழுத்துப் பஞ்ச் செட் வாங்கி, சுத்தியலால் நீங்களே அடியுங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முதல் நாலு எழுத்து போதும். எந்த இரண்டு வார்த்தைக்கும் அந்த நாலு எழுத்து ஒன்றாக இருக்காதபடிதான் பட்டியலையே அமைத்திருக்கிறார்கள்.

இப்படி இரண்டு நகல், இரண்டு ஊரில் இருக்கட்டும். ‘ஆறு வார்த்தை இங்கே, ஆறு வார்த்தை அங்கே’ என்கிற அதிபுத்திசாலித்தனம் வேண்டாம். ஒரு பாதி தொலைந்தாலும் முழுசும் போச்சு.

முதலில் ஐந்நூறு ரூபாய்க்கு அனுப்பிப் பாருங்கள். பிறகு கருவியை அழித்துவிட்டு, வார்த்தைகளைப் போட்டு மீட்டுப் பாருங்கள். ஐந்நூறு திரும்பி வந்தால்தான் மீதியை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் கருவியின் சின்னத் திரையில் முகவரியைப் படித்துவிட்டே பட்டனை அமுக்குங்கள். திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று... வசீர்எக்ஸ் திருட்டுக்கு அந்தக் கம்பெனி சொன்ன விளக்கமே அதுதான்!

இன்னொன்று. ஒளித்து வைத்தால் வரியும் ஒளிந்துகொள்ளும் என்று நினைக்காதீர்கள். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவிகிதம் வரி. வாங்கிய கணக்கைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

*

திருடனைச் சமாளித்தாயிற்று. இனி இன்னொரு எதிரி. அவன் வெளியிலிருந்து வருவதில்லை.

பிரிட்டனின் நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவல்ஸ் விஷயத்தில் யாரும் திருடவில்லை. சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்த ஹார்டு டிஸ்க், 2013-ல் தவறுதலாகக் குப்பைக்குப் போய்விட்டது. குப்பைக் கிடங்கைத் தோண்ட அனுமதி கேட்டு வருஷக்கணக்காக அலைந்தார். 2025 ஜனவரியில் கோர்ட்டும் கைவிரித்தது.

நம் வீட்டுப் பெண்களின் ‘சிறுவாடு’ பணத்தை நினைத்துப் பாருங்கள். அரிசிப் பானையிலும் பருப்பு டப்பாவிலும் யாருக்கும் தெரியாமல் சேர்ப்பது. 2019-ல் திருப்பூர் மாவட்டத்தில் இரண்டு வயதான சகோதரிகள் தங்கள் கடைசிக் காரியத்துக்கென்று சேர்த்திருந்த 46,000 ரூபாய் வெளியே வந்தது. அத்தனையும் பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள். 2016 நவம்பரிலேயே செல்லாமல் போனவை. பணமதிப்பு நீக்கம் என்று ஒன்று நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. மகன்களிடம் அவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நேரத்தோடு மாற்றியிருக்கலாம்.

ஆக, ஒளித்து வைப்பது பாதி வேலைதான். உங்களுக்குப் பிறகு அதை யார், எப்படி எடுப்பார்கள் என்று ஏற்பாடு செய்வது மீதிப் பாதி. வார்த்தைகளை மனைவியிடமோ மகனிடமோ இப்போதே ஒப்பிக்க வேண்டாம். ‘இப்படி ஒன்று இருக்கிறது, கருவி இங்கே, தகடு அங்கே, இன்னாரிடம் உதவி கேள், யாருக்கும் வார்த்தைகளைச் சொல்லாதே’ என்று அரைப் பக்கக் கடிதம் எழுதி, எல்.ஐ.சி. பாலிசி இருக்கிற ஃபைலில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துச் சரிபாருங்கள்.

தங்கம் புதைத்தவர் சொல்லாமல் போனால்கூட, என்றாவது ஒருநாள் யார் மண்வெட்டியிலாவது தட்டுப்படும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கருக்காக்குறிச்சிக் காசுகளையாவது உலகம் பார்த்தது. சாவி தொலைந்த பிட்காயின் அப்படி இல்லை. பேரேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். கலெக்டர் வந்தாலும் எடுக்க முடியாது!