திருகோணமலை எண்ணெய்க் குதங்கள்: வணிக எதிர்காலம்

திருகோணமலை எண்ணெய்க் குதங்கள், இலங்கையின் கிழக்குக் கரையில் சீனன்குடாவை ஒட்டி அமைந்த 99 தாங்கிகளின் தொகுதி. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களுக்கு எரிபொருள் சேமிப்பதற்காக இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கட்டப்பட்டது. ஒவ்வொரு தாங்கியும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானியர் நடத்திய வான்தாக்குதலில் எரிந்துபோன தாங்கி இந்த 99 இல் சேராது.

1987 இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில், இவற்றை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைத்து இயக்கும் என்று எழுதப்பட்டது. 2003 இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. உள்ளே வந்தது. ஆனால் அது பயன்படுத்தியது குதங்களின் இரு பிரிவுகளில் கீழ்த்தொகுதியை மட்டுமே. மேல்தொகுதித் தாங்கிகள் காடு மூடிக் கிடந்தன. 2022 ஜனவரியில் பங்கு பிரிந்தது: லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த திருகோணமலை பெற்றோலிய முனைய நிறுவனத்துக்கு 61. கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் முத்தரப்பு உடன்பாடு கையெழுத்தானது.

உடன்பாடுகளுக்குக் குறைவில்லை, தாங்கிகளை நிரப்பக்கூடிய வணிகம்தான் இன்னும் உருவாகவில்லை. நாட்டின் சுத்திகரிப்பு நிலையம் சப்புகஸ்கந்தையிலும், பெரிய களஞ்சியங்கள் கொலன்னாவையிலும் முத்துராஜவெலயிலும் இருக்கின்றன. எல்லாம் மேற்கே. எரிபொருளை அதிகம் வாங்குவோரும் அங்கேதான். உள்நாட்டுத் தேவையை மட்டும் நம்பி மேல்தொகுதியைத் துருநீக்கி, குழாய் மாற்றி எழுப்பினால் செலவு மீளாது. வங்காள விரிகுடாக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புதல், அயல்நாட்டு வணிகர்களுக்குத் தாங்கிகளை வாடகைக்கு விடுதல், இந்தியாவிலிருந்து பேசப்பட்டுவரும் எரிபொருள் குழாய்வழி ஆகிய மூன்றும் கைகூடினால்தான் கணக்கு நேராகும். ஆழமான இயற்கைத் துறைமுகம் அதற்குப் பெரும் பலம்.

வாடகை வருமானத்தோடு கிழக்கின் கணக்கு முடிந்துவிடாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கல்முனைக் கரை மீனவர்கள் மண்ணெண்ணெய்க்கும், சவளக்கடைப் பக்க வேளாண்மைக்காரர் டீசலுக்கும் வரிசையில் நின்றார்கள். இத்தனை தாங்கிகள் அதே மாகாணத்தில் இருந்தும் அவை அவர்களுக்கு உதவவில்லை. ஆகவே கூட்டுத்தாபனத்துக்குரிய 24 தாங்கிகளில் ஒரு பகுதியைக் கிழக்கு மாகாண அவசர இருப்புக்கென ஒப்பந்தத்திலேயே ஒதுக்க வேண்டும்.