ஓவியர் எமிலி காரும் அவர் வளர்த்த நாய்களும்

நன்றிக்கு உவமை சொல்ல வேண்டுமானால் நாயைச் சொல்வது நம் வழக்கம். வீட்டுக் காவலுக்கும் வேட்டைக்கும் ஆடு மாடு மடக்குவதற்கும் அது மனிதனுக்குத் துணை நின்று வந்திருக்கிறது. ஆனால், கலைஞர் ஒருவரின் மனத்தைக் காத்து நிற்கவும் நாயால் முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு.

இங்கிலாந்து ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் முடித்த தம் உருவப் படத்தில், செல்ல நாய் டிரம்புக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார். நண்பர்களை அடுத்தடுத்துச் சாவுக்குப் பறிகொடுத்த டேவிட் ஹாக்னி, 1995இல் தம் இரு நாய்களான ஸ்டான்லியையும் பூஜியையும் திரும்பத் திரும்ப வரைந்து ஆறுதல் தேடினார். நெடுங்காலம் நாய்களோடு வாழ்ந்து, அவற்றோடே துன்பத்தையும் கடந்தவர் கனடா நாட்டு அம்மையார் எமிலி கார்.

எமிலி, 1871ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், கனடாவின் மேற்குக் கரையிலுள்ள விக்டோரியா நகரில் பிறந்தார். 1886இல் தாயையும் 1888இல் தந்தையையும் இழந்தார். ஆதரவற்ற அந்த வயதிலும் ஓவிய ஆசை அவரை விடவில்லை. சான் பிரான்சிஸ்கோவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பயின்று திரும்பினார். கடற்கரையோரப் பழங்குடி மக்களின் ஊர்களையும், வானளாவ நிற்கும் மரச் சிற்பத் தூண்களையும் ஓவியமாகப் பதிந்து வைக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். 1912இல் அந்த நெடும் பயணத்தில் அவரோடு கூடவே சென்றது பில்லி என்னும் ஆட்டு நாய்.

ஊர் ஊராக அலைந்து தீட்டிய படங்களை 1913இல் வான்கூவர் நகரில் காட்சிக்கு வைத்தார். எதிர்பார்த்த ஆதரவு கிடைக்கவில்லை. படம் வாங்க ஆளில்லை. படம் சோறு போடுமா என்று கேட்கும் உலகம்தானே! விக்டோரியாவில் ஒரு வீட்டைக் கட்டி, அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கத் தொடங்கினார். அடுப்பு மூட்டுவது, தரை கழுவுவது, வாடகைக்காரர்களின் குறை கேட்பது என்றே பொழுது போயிற்று. சுமார் 15 ஆண்டுகள் அவர் தூரிகையைத் தொட்டது மிகக் குறைவு.

இந்த இருண்ட காலத்தில்தான் நாய்கள் அவர் வாழ்வை நிறைத்தன. வாடகைப் பணம் போதாமல் கோழி வளர்த்தார். மண்பாண்டம் செய்து விற்றார். உடம்பெல்லாம் சடைமயிர் தொங்கும் ஆங்கில ஆட்டு நாய்களையும் வளர்த்து விற்றார். 1917 முதல் சில ஆண்டுகளில் சுமார் 350 குட்டிகள் அவர் கைப்பட வளர்ந்தன. தொற்றுநோய் கண்ட குட்டிகளுக்குத் தாயைப்போல இரவு பகல் பாராமல் பணிவிடை செய்தார். வீட்டு வேலை ஓய்ந்ததும், பக்கத்திலிருந்த பீக்கன் ஹில் பூங்காவுக்கு நாய்களை ஓட்டிக்கொண்டு நடந்துவிடுவார். “நீ யார்? உன் படம் என்ன விலைக்குப் போகும்?” என்று நாய் கேட்பதில்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வரும். மனிதர்கள் தராத மதிப்பை அந்த வாயில்லா ஜீவன்கள் தந்தன.

1927இல் திருப்பம் வந்தது. ஓட்டாவா நகரில் கனடா தேசிய ஓவியக்கூடம் நடத்திய கண்காட்சிக்கு அவருடைய பழைய படங்கள் கேட்கப்பட்டன. அந்தப் பயணத்தில் லாரன் ஹாரிஸ் முதலிய ஓவியர்களைச் சந்தித்தார். தாமும் ஓர் ஓவியர்தான் என்ற நம்பிக்கை மீண்டது. அப்போது அவருக்கு வயது 56ஐ நெருங்கியிருந்தது. ஊர் திரும்பியதும் மறுபடியும் தூரிகையை எடுத்தார்.

அவரை மீண்டும் வரையவைத்தது நாய் என்று சொல்வதற்கில்லை. அழைப்பு மனிதர்களிடமிருந்துதான் வந்தது. ஆனால், அந்த அழைப்பு வரும்வரை அவர் நெஞ்சு வறண்டு போகாமல் ஈரம் காத்தவை நாய்கள் அல்லவா?

1933இல் பழைய இழுவண்டி வீடு ஒன்றை வாங்கி, அதற்கு ‘யானை’ என்று பெயரிட்டார். நாய்களையும், ஊ என்னும் குரங்கையும் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் தங்கினார். விலையுயர்ந்த துணி வாங்க வசதியில்லாததால், மலிவான தாளில் எண்ணெய் வண்ணத்தைப் பெட்ரோலில் கரைத்துத் தீட்டினார். அவருடைய புகழ்பெற்ற காட்டு ஓவியங்கள் பல அப்படிப் பிறந்தவையே.

1937இல் மாரடைப்பு வந்தது. முன்போல் காட்டில் அலைய முடியவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை; பேனாவை எடுத்தார். 1941இல் வெளிவந்த முதல் நூலுக்கே கனடாவின் கவர்னர் ஜெனரல் விருது கிடைத்தது. 1944இல் வெளியான நூலில் வாடகை வீட்டுக் கதைகளோடு, தாம் வளர்த்த ஆட்டு நாய்களின் கதைகளையும் எழுதினார். பிழைப்புக்காக வளர்த்த நாய்கள் இலக்கியமாகவும் ஆயின! 1945 மார்ச் 2ஆம் நாள் அவர் மறைந்தார். 2010இல் விக்டோரியா நகரில் நிறுவப்பட்ட அவருடைய சிலையில் தோளில் குரங்கு ஊ இருக்கிறது. பக்கத்தில் நாய் பில்லி நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! திறமை இருந்தும் உலகம் திரும்பிப் பார்க்காத காலம் யாருக்கும் வரலாம். அப்போது மனத்தைச் சாகவிடாமல் காப்பதே பெரிய வேலை. பெற்றோர்களே! விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட்டு அலுத்துத் திரும்பும் நமக்கு, பிள்ளை நாய்க்குட்டியோடு விளையாடுவதும் அதைத் தாளில் கிறுக்குவதும் வெட்டி வேலையாகத் தோன்றலாம். “போய்ப் படி” என்று அதட்டுமுன், அந்தத் தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். “நல்லாயிருக்கு” என்ற ஒரு சொல்லுக்காக எமிலி கார் பல ஆண்டுகள் காத்திருந்தார். நம் பிள்ளைகளை அவ்வளவு நாள் காக்க வைக்க வேண்டாமே!