அந்நியபாஷை: மொழி வரமா, மன்றாட்டா?

பெந்தெகொஸ்தே சபைகளில் அந்நியபாஷை என்று வழங்கும் பரவசப் பேச்சைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியில் முட்டி நிற்கிறது: பேசப்படுவது உலகில் வழங்கும் ஒரு மொழிதானா? இக்கேள்விக்கான விடை அப்பேச்சின் பொருளைத் தீர்மானிப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புதிய ஏற்பாடு இரு வேறு சித்திரங்களைத் தருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில், எருசலேமில் கூடியிருந்த பல நாட்டு யூதர்கள் சீடர்களின் பேச்சைத் தத்தம் மொழியில் கேட்கிறார்கள். 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரத்திலோ அப்பேச்சு சபையாருக்கு விளங்குவதில்லை. அது கடவுளை நோக்கியது. பொருள் சொல்வோர் இல்லையெனில் சபையில் மௌனமாயிருக்கச் சொல்லும் பவுல், அதைத் தடுக்கவும் கூடாது என்கிறார். பவுலின் நிருபம் ஏறத்தாழ கி.பி. 55ஐச் சேர்ந்தது. நடபடிகள் அதற்குப் பின்னர் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. ஆகவே, நம்மிடமுள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று காட்டுவது விளங்காத மன்றாட்டையே.

இருபதாம் நூற்றாண்டு இயக்கமோ நடபடிகளின் சித்திரத்தையே முதலில் பற்றிக்கொண்டது. 1901 ஜனவரியில் கான்சாஸ் மாநிலத்தின் டொபீக்கா வேதாகமப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் அந்நியபாஷை பேசியபோது, ஆசிரியர் சார்லஸ் பார்ஹம் அதை அயல்நாட்டு ஊழியத்துக்கான மொழி வரமாகக் கொண்டார். வில்லியம் சீமோர் 1906இல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில் நடத்திய கூட்டங்களிலும் இந்நம்பிக்கை இருந்தது. தமக்கு வங்காள மொழி அருளப்பட்டதாக நம்பி, ஆல்ஃபிரட் கார் அங்கிருந்து கல்கத்தா வந்தார். அந்த வரத்தைக்கொண்டு வங்காளியில் பிரசங்கிக்க அவரால் இயலவில்லை. ஆயினும் அந்நியபாஷையை அவர் கைவிடவில்லை. மொழி வரம் என்ற விளக்கம் தோற்ற பின்னும் வழக்கம் நிலைத்ததென்றால், அதை நிலைநிறுத்தியது வேறொன்றாகவே இருக்க வேண்டும்.

அந்த வேறொன்றைத் திருநெல்வேலிச் சீமை காட்டுகிறது. 1860இல், டொபீக்காவுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, ஜான் கிறிஸ்தியன் அருளப்பனின் ஊழியத்தில் எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷை பேசப்பட்டது. தமிழருக்குத் தமிழிலேயே போதித்தவர்களுக்கு அயல்மொழி எதற்கு? பாவ உணர்வும் கண்ணீரும் ஜெபமும் பொங்கிய சூழலில் எழுந்த பேச்சு அது. எல்லாவற்றுக்கும் டொபீக்காவையே ஊற்றாகக் காட்டும் வரலாற்றைத் திருத்தவும் இச்சான்று போதும்.

மொழியியலாளர் வில்லியம் சமாரின் 1972இல் வெளியிட்ட ஆய்வு, இப்பேச்சின் ஒலிகள் பெரும்பாலும் பேசுவோர் அறிந்த மொழிகளிலிருந்தே வருவன என்றும், இயல்பான மொழிக்குரிய இலக்கண அமைப்பு அதில் இல்லை என்றும் காட்டியது. இதை அந்நியபாஷைக்கே மறுப்பாகக் கொள்வது பிழை. மறுக்கப்படுவது பார்ஹமின் கொள்கை. பவுலின் விளக்கத்துக்கு இதனால் ஊறில்லை. சமாரினும் அதைப் பொருளற்ற பிதற்றலென ஒதுக்கவில்லை.

எனவே ஆய்வாளர் கேட்க வேண்டியது, அந்தப் பேச்சு சபைக்குள் என்ன செய்கிறது என்பதையே. பவுல் வைத்த அளவுகோலும் அதுதான்: சபை பக்திவிருத்தி அடைகிறதா? இன ஒதுக்கல் வேரூன்றியிருந்த நாட்டில் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாக முழங்காலிடச் செய்த சீமோர், அன்பில்லாத இடத்தில் அந்நியபாஷை மட்டும் ஆவியின் அடையாளம் ஆகாது என்று பிற்காலத்தில் வலியுறுத்தினார். பவுலுக்கு மிக அருகில் நிற்கும் விளக்கம் அதுவே.