கழுத்துக் கழலையும் குழந்தையின் அறிவும்

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு சுரப்பி அளவில் சிறியது; பொறுப்பில் பெரியது. அயோடினைக் கொண்டு அது ஆக்கும் சுரப்புநீர் குறையுமானால், பெரியோர் சோர்வுறுவர். குழந்தைகளோ வளர்ச்சியையே இழப்பர். உடல் குறுகும், நா தடிக்கும், அறிவு மலராது நின்றுவிடும். கருவில் இருக்கும்போதே தாய்க்கு அயோடின் குறைந்தால், செவியும் பேச்சும்கூடப் பழுதுறலாம். இளமையில் மூளை இழந்ததைப் பின்னாளில் எம்மருந்தும் முழுமையாக மீட்டுத் தராது.

இமயமலைச் சாரலில் இத்துன்பம் தலைமுறை தலைமுறையாக நிலவியது. கில்கித், சித்ரால் பள்ளத்தாக்குகளில் இவ்வாறு முடங்கிய குழந்தைகளைக் கண்டு, மருத்துவர் இராபர்ட் மக்காரிசன் 1908-ஆம் ஆண்டில் எழுதினார். கழலைக்குக் காரணம் தூய்மையற்ற குடிநீரே என அவர் கருதினார். மழையும் பனியாறும் மண்ணின் அயோடினை அரித்துச் சென்றமையே முதற்காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மக்காரிசன் பிற்காலத்தில் நம் நீலகிரிக் குன்னூரில் உணவு ஆராய்ச்சிக் கூடத்தை வளர்த்தார்.

அக்கூடத்தில் பணியாற்றியவர்களுள் ஒருவர், ஸ்ரீகாகுளத்தில் பிறந்த டாக்டர் வி. இராமலிங்கசாமி. அவரும் குழுவினரும் 1956-ஆம் ஆண்டில் காங்க்ரா பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1 லட்சம் மக்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டிற்கு அயோடின் கலந்த உப்பையும் ஒன்றிற்கு வழக்கமான உப்பையும் வழங்கினர். ஆறாண்டுகளில் முன்னிரு பகுதிகளிலும் கழலை பெரிதும் குறைந்தது. 1962-ஆம் ஆண்டில் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றியது.

தூத்துக்குடி உப்பளங்களை அறிந்த நாம், கடலுப்பில் அயோடின் இயல்பாகவே நிறைந்திருக்கும் என எண்ணுவதுண்டு. உண்மையில், உப்பாக விளைந்தபின் அதில் எஞ்சுவது மிகச் சொற்பமே. ஆகவே அயோடினைச் சேர்த்தே ஆகவேண்டும்.

உப்பினால் மட்டும் தீராத குறையும் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு சுரப்பி இராது, அல்லது சரிவர இயங்காது. பிறந்த சில நாட்களில் குதிகாலிலிருந்து இரத்தத்துளி எடுத்துச் சோதித்தால் இது புலப்படும். முதலிரு வாரங்களுக்குள் தைராக்சின் மருந்தைத் தொடங்கித் தவறாது கொடுத்துவந்தால், அக்குழந்தை பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். காலந்தாழ்த்தினால் அறிவு குன்றும்.

சித்தூரை அடுத்த பங்காருபாளையத்தில் வாழினும், தொலைதூரத் தில்லியில் வாழினும், அயோடின் உப்பைப் பயன்படுத்துதலும், மகப்பேற்று மருத்துவமனையில் இச்சோதனையைக் கேட்டுப் பெறுதலும் பெற்றோர் கடமையாகும்.