21 ரூபாய் இடைவெளி: டேங்கில் கலந்த மண்ணெண்ணெயின் கதை

இன்னைக்கு எபிசோட் காரோட பெட்ரோல் டேங்கைப் பத்தி. ஆனா இது மெக்கானிக் எபிசோட் இல்லை, வரலாற்று எபிசோட்தான்.

2025 ஜூன் 26, மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம். மறுநாள் அங்கே ஒரு தொழில் மாநாடு, முதலமைச்சர் மோகன் யாதவ் வருகிறார். அவருடைய கான்வாய்க்காக இந்தூரிலிருந்து வந்த கார்கள் ராத்திரி ஒரு பங்கில் டீசல் போட்டுக் கிளம்பின. கொஞ்ச தூரம் போவதற்குள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. மொத்தம் 19 கார். ரோட்டோரத்திலேயே டேங்கைக் கழற்றி வடித்துப் பார்த்தால், டீசலோடு தண்ணீர். மழைத் தண்ணீர் பங்கின் நிலத்தடி டேங்கில் இறங்கியிருக்கலாம் என்று சொன்னார்கள். நின்றது முதல்வரின் கான்வாய் இல்லையா, அதிகாரிகள் ராத்திரியே வந்து பங்குக்கு சீல் வைத்துவிட்டார்கள்.

நம்ம வண்டி நின்றால் யாரும் ராத்திரி வரப்போவதில்லை. அதனால் நமக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கணும். டேங்கில் அழுக்கு எரிபொருள் எப்படி வருகிறது? அதைத் தடுக்க இந்த நாடு என்ன விலை கொடுத்தது?

எரிபொருள் கெட்டுப்போக இரண்டு வழி உண்டு. ஒன்று, தானாக உள்ளே வருவது: தண்ணீர், துரு, தூசி. இன்னொன்று, ஒருத்தர் வேண்டுமென்றே கலப்பது. இந்தியாவில் பல வருஷம் அப்படிக் கலக்கப்பட்டது ரேஷன் மண்ணெண்ணெய், நம்ம பாட்டிமார் பாஷையில் சீமெண்ணெய்.

கோயமுத்தூருக்கு பெட்ரோல் எப்படி வருகிறது என்று யோசிச்சிருக்கீங்களா? கொச்சி ரிஃபைனரியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக இருகூருக்கும், அங்கிருந்து கரூருக்கும் ஒரு பைப்லைன் ஓடுகிறது. நீளம் 292 கிலோமீட்டர். இந்த மாதிரி பைப்லைனில் பெட்ரோலுக்கு ஒன்று, டீசலுக்கு ஒன்று என்று தனித்தனிக் குழாய் கிடையாது. ஒரே குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளுவார்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கொஞ்சம் கலக்கத்தான் செய்யும். அடர்த்தியை அளந்து, கலந்த பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவார்கள். அதாவது, எரிபொருள் கலப்பது அந்தத் துறைக்குப் புதுசே இல்லை. அங்கே அளக்க ஒரு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான். டிப்போவைத் தாண்டி டேங்கர் லாரி ஏறி, பங்கின் நிலத்தடி டேங்குக்குப் போகும் வழியில் அளக்க யார் இருக்கிறார்? நம்ம கதையே அந்த இடத்தில்தான்.

மண்ணெண்ணெயை ஏன் கலந்தார்கள்? கண்ணுக்குத் தெரியாது, அதுதான் முதல் காரணம். பெட்ரோலின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ. டீசல் 820-க்கு மேல். மண்ணெண்ணெய் இரண்டுக்கும் நடுவில், டீசலுக்குப் பக்கத்தில். அளவாகக் கலந்தால் வண்டி ஓடும், உடனே நிற்காது. பெட்ரோல் என்ஜினில் நாக்கிங் வரும், கரி படியும். டீசல் வண்டியில் பம்ப்பும் இன்ஜெக்டரும் மெல்ல மெல்லத் தேயும், ஏனென்றால் அவற்றுக்கு டீசல்தான் மசகும் கூட. ஆறு மாசம் கழித்து பில் வரும்போது எந்த பங்கில் போட்ட டீசல் என்று யார் கண்டுபிடிப்பது?

இரண்டாவது காரணம் பணம். 2005-ல் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் சுமார் 9 ரூபாய், டீசல் சுமார் 30 ரூபாய். இடைவெளி 21 ரூபாய். கை மாறுகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தது போக லிட்டருக்குப் பத்து ரூபாய் நின்றது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12,000 லிட்டர் டேங்கரில் பத்து சதவீதம் கலந்தால், ஒரே லோடில் 12,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது பலருக்கு ஒரு மாசச் சம்பளத்தை விட அதிகம். ஏழை வீட்டு விளக்குக்கும் அடுப்புக்கும் என்று மானிய விலையில் போன மண்ணெண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே திசை மாறுகிறது என்று அதே ஆண்டு வந்த ஒரு ஆய்வு சொன்னது.

இது எங்கேயோ வடக்கே நடந்த கதைதானே என்று நினைக்காதீங்க. நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் போகாத மாநிலம் இல்லை. அங்கே டேங்கில் விழுந்த ஒவ்வொரு கலப்பட லிட்டரும் நம்ம ஊர் வண்டி என்ஜினையும் தின்றிருக்கும்.

அந்த 2005-ல்தான் மஞ்சுநாத் சண்முகம் வருகிறார்.

கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற கே.ஜி.எஃப்.தான். கேந்திரிய வித்யாலயா பள்ளி, மைசூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங், அப்புறம் லக்னோ ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ. இந்தப் பாட்காஸ்ட்டைக் கேட்கிற பாதிப் பேரின் ரெஸ்யூமே இப்படித்தான் ஆரம்பிக்கும். அவர் சேர்ந்தது இந்தியன் ஆயில் நிறுவனத்தில், விற்பனை அதிகாரியாக. உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரி மாவட்டப் பங்குகளைச் சோதிப்பது அவர் வேலை.

அங்கே கலப்படம் செய்த இரண்டு பங்குகளுக்கு சீல் வைக்க உத்தரவிட்டார். அதில் ஒன்று சீக்கிரமே மறுபடி திறந்தது. மறுபடி சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 ராத்திரி, கோலா கோகர்ண்நாத் என்ற ஊரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மூன்று நாளாக மகனிடமிருந்து பேச்சே இல்லை என்று அப்பா அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருந்தார், எப்படி இருக்கே என்று. பதில் வரவில்லை. உடல் அவருடைய காரின் பின் சீட்டில் கிடைத்தது. வயசு 27.

அவரோடு படித்தவர்கள் வழக்கை விடவில்லை. அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். 2007 மார்ச்சில் செஷன்ஸ் கோர்ட் பங்க் உரிமையாளருக்கு மரண தண்டனையும் மற்ற ஏழு பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2009-ல் ஹைகோர்ட் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இரண்டு பேரை விடுவித்தது. மீதி ஆறு பேரின் ஆயுள் தண்டனையை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பத்து வருஷம்.

இதற்கு நடுவே அரசு என்ன செய்தது? ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது, கலந்தால் தெரிந்துவிடும் என்று. ஒரு வகைக் களிமண்ணில் வடிகட்டினால் அந்த நிறம் போய்விடும் என்பதைக் கலப்படக்காரர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். 2006-ல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேதி அடையாளத்தை, மார்க்கர் என்பார்கள், மண்ணெண்ணெயில் சேர்க்க ஆரம்பித்தார்கள். சர்ச்சைகளுக்குப் பிறகு கொஞ்ச வருஷத்திலேயே அதுவும் கைவிடப்பட்டது. செக்யூரிட்டி வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழகிய கதைதான்: ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டை. உடைத்தால் லாபம் இருக்கிற வரைக்கும் உடைக்க ஆள் வந்துகொண்டேதான் இருப்பான்.

அடுத்த மரணம் 2011-ல். மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்து மன்மாட் பக்கம் பானேவாடி என்று ஒரு இடம். எண்ணெய் நிறுவனங்களின் பெரிய டிப்போக்கள் இருக்கும் ஊர், அந்தப் பக்கத்து இருகூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 25, குடியரசு தினத்துக்கு முந்தின நாள். மாலேகாவ் கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனவணே அந்த வழியாகக் காரில் போகிறார். டேங்கர்கள் நிற்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு இறங்குகிறார், போனில் படம் எடுக்கிறார். பட்டப்பகலில் அவர் மேல் ஊற்றித் தீ வைத்தார்கள். ஒரு கூடுதல் கலெக்டரையே! மாநிலம் முழுக்க அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

சோதனை செய்யப் போன இரண்டு பேர் இறந்தார்கள், நீல நிறம் தோற்றது, மார்க்கர் தோற்றது. அப்புறம் இந்தக் கலப்படத்தின் முதுகெலும்பை உடைத்தது எது? பெரிய அளவில், அந்த விலை இடைவெளி சுருங்கியதுதான் என்பது என் வாதம்.

பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-லேயே போய்விட்டது, டீசலுக்கு 2014 அக்டோபரில் போனது. 2016-லிருந்து ரேஷன் மண்ணெண்ணெய் விலையைச் சத்தமில்லாமல் 25 பைசா, 25 பைசாவாக ஏற்றினார்கள். அதே வருஷம் உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்புகள் கொடுக்க ஆரம்பித்தார்கள். 2020 வாக்கில் மண்ணெண்ணெய் மானியம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. 2005-06-ல் நாடு சுமார் 95 லட்சம் டன் மண்ணெண்ணெய் பயன்படுத்தியது. 2021-22-ல் சுமார் 15 லட்சம் டன். மலிவு மண்ணெண்ணெய் இல்லை என்றால் அதைக் கலப்பதில் லாபம் இல்லை.

இதில் ஒரு கசப்பும் இருக்கு. அந்த 9 ரூபாய் மண்ணெண்ணெயை நிஜமாகவே விளக்குக்கும் அடுப்புக்கும் வாங்கிய வீடுகளும் இருந்தன. கேஸ் இணைப்பு இருந்தும் அடுத்த சிலிண்டருக்குக் காசு இல்லாத வீட்டுக்கு இந்த விலை மாற்றம் சும்மா கிடைத்த சீர்திருத்தம் இல்லை. திருடினவன் பங்குக்கும் சேர்த்து அவர்கள்தான் கொடுத்தார்கள்.

சரி, இப்போ கலப்படமே இல்லையா? இருக்கு. மலிவான வேறு திரவங்கள் வந்துவிட்டன. தண்ணீர் பிரச்சனையும் புது வடிவத்தில் வந்திருக்கு. இன்றைக்கு நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் பாசம் ஜாஸ்தி. கொஞ்சம் தண்ணீர் என்றால் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய் டேங்க் அடியில் தனி அடுக்காக உட்கார்ந்துவிடும். பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். என்ஜினுக்கு முதலில் போவது பெட்ரோலே இல்லை.

அப்படி பங்கை விட்டு வெளியே வந்ததும் வண்டி திணறி நின்றால், முதல் விதி: திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் அழுக்கை டேங்கிலிருந்து லைனுக்கும், லைனிலிருந்து இன்ஜெக்டருக்கும் நாமே தள்ளுகிறோம். டோ பண்ணிக் கொண்டுபோங்க. டேங்கை முழுசாக வடித்து, கழுவி, ஃபில்டர் மாற்றி, லைனைச் சுத்தம் செய்த பிறகுதான் ஸ்டார்ட். பங்க் பில்லைப் பத்திரமாக வையுங்க. வடித்த எரிபொருளில் கொஞ்சம் ஒரு சுத்தமான பாத்திரத்தில் எடுத்து வையுங்க, வடிக்கும்போதே வீடியோவும் எடுங்க. புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

அதற்கு முன்னாடியே செய்யக்கூடியது ஒன்று இருக்கு. எந்த பங்கிலும் ஃபில்டர் பேப்பர் கேளுங்க. ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் இரண்டு நிமிஷத்தில் ஆவியாகணும், எண்ணெய்க் கறை நிற்கக் கூடாது. டீசலுக்கு இது ஒத்துவராது, அதற்கு அடர்த்திச் சோதனை. கண்ணாடி ஜாடி, ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர் மூன்றும் பங்கில் இருக்கணும். அளந்ததை 15 டிகிரி வெப்பநிலைக்கு மாற்றி, அன்றைக்கு எழுதிப்போட்ட அடர்த்தியோடு ஒப்பிட்டால் 3 புள்ளிக்குள் இருக்கணும். இதற்குக் காசு கிடையாது, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் உரிமை.

பின்னாடி ஹார்ன் அடிப்பாங்க, பங்க் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், கேட்கவே கூச்சமாக இருக்கும், தெரியும். ஆனா 27 வயசில் ஒருத்தர் இப்படி ஒரு சோதனைக்காகப் போய்த்தான் திரும்பி வரவில்லை. நமக்கு ஆகப்போறது அதிகபட்சம் ஐந்து நிமிஷம். அடுத்த தடவை டேங்க் ஃபுல் பண்ணும்போது ஒரு ஃபில்டர் பேப்பர் கேட்டுப் பாருங்க. கொடுத்தாங்களா, இல்லையா, என்ன சொன்னாங்க என்று எங்களுக்கு எழுதுங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாமுங்க.