எண்ணச் சுழற்சி நோயும் செல்வி எஃப் என்னும் பெண்ணும்

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயில், வேண்டாத ஓர் எண்ணம் மனத்தில் திரும்பத் திரும்ப எழும். அது தரும் பதற்றத்தைத் தணிக்க, நோயாளி ஒரு செயலை விடாமல் செய்வார். ஓயாமல் கை கழுவுவதே இந்நோய் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஒரே ஆளிடமே அது காலப்போக்கில் வேறு வேறு வடிவம் எடுக்கும். நோய்க்கு இப்பெயர் வருமுன்பே இதைக் காட்டும் ஒரு வரலாற்றை எழுதி வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் எசுகிரோல்.

1838-இல் வெளிவந்த அவரது நூலில் 'செல்வி எஃப்' என்று மட்டும் குறிக்கப்படும் 34 வயதுப் பெண் வருகிறார். வணிகச் சூழலில் வளர்ந்தவர். 18 வயதில் அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது, அங்குள்ள ஏதாவது பொருள் தன் மேலங்கிப் பையில் வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. அதன்பின் அந்த அங்கியை அணியாமலே அங்குப் போனார். பிறகு கணக்கு எழுத நெடுநேரம் ஆயிற்று. ஓர் இலக்கம் பிழைத்தால் வாங்குபவருக்கு நட்டமாகுமே என்ற பயம். அடுத்து, காசைத் தொட்டால் மதிப்புள்ள ஏதோ விரலில் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சினார். கைகளைத் தேய்ப்பதும் கழுவுவதும் அதன் பின்னர் வந்தவை. இது அறிவுக்குப் பொருந்தாது என்று அவருக்கே தெரியும், விட முடியவில்லை.

அங்கி, கணக்கு, காசு, கை கழுவுதல் என வெளியே தெரிந்தவை பல. பிறர் பொருளை அறியாமல் எடுத்துவிடுவோமோ என்ற அச்சம் மட்டும் மாறவில்லை. முதல் அறிகுறி மறைந்ததும் குணமாகிவிட்டதாக வீட்டார் நினைப்பது இங்கேதான். (விடைத்தாள் கிழியும்வரை அழித்து அழித்து எழுதிய பிள்ளைகளை நானும் கடிந்திருக்கிறேன். இப்போது உறுத்துகிறது.)

எசுகிரோல் இதை ஒருவகைப் பகுதிப் பித்தாகவே கருதினார். 1875-இல் லெகிராண்ட் து சோல் என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர், ஐயத்தில் தொடங்கித் தொடுவதற்கு அஞ்சும் நிலைக்கு நோய் படிப்படியாக வளர்வதை விவரித்தார். அறிவு தெளிவாக இருக்கும்போதே, விருப்பத்துக்கு மாறாக எண்ணம் புகுகிறது என்று 1877-இல் செருமானிய மருத்துவர் வெசுட்பால் விளக்கினார்.

அச்சத்தின் பொருள் காலத்துக்கேற்பவும் மாறும். 1980-களில் எய்ட்சு பற்றிய செய்தி பரவியபோது, கிருமிக்கு அஞ்சிய நோயாளிகள் சிலரின் பயம் அதன்மேல் திரும்பியது.

1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், அஞ்சும் பொருளைத் தொடவைத்து, கழுவவிடாமல் தடுக்கும் சிகிச்சையால் இரு நோயாளிகள் தேறியதை வெளியிட்டார். எந்த வடிவத்தில் வந்தாலும் அந்தச் சுழலையே நிறுத்துவது இம்முறை. 1989-இல் வெளியான யேல்-பிரவுன் அளவுகோலின் அறிகுறிப் பட்டியலில், ஒவ்வோர் அறிகுறிக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் உள்ளன: ஒன்று இப்போது இருப்பதற்கு, மற்றொன்று முன்பு இருந்ததற்கு.