தரையில் கிடப்பவர்: சோனி லிஸ்டனின் எழுச்சியும் வீழ்ச்சியும்



முகமது அலியின் அந்தப் புகைப்படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வலது கையை மார்புக்குக் குறுக்கே மடித்துக்கொண்டு, கீழே விழுந்தவரைப் பார்த்து எழுந்திருக்கச் சொல்லிக் கத்துகிறார். 1965 மே 25 அன்று மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரில் நீல் லைஃபர் எடுத்த படம். மாணவர் விடுதிச் சுவர்களிலும் டி-சர்ட்டுகளிலும் பார்த்துப் பழகிய படம். நிற்பவரைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. 1980இல் அவர் சென்னைக்கே வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போனார். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது கிடப்பவரைப் பற்றி. அவர் பெயர் சார்லஸ் ‘சோனி’ லிஸ்டன். அந்தப் படத்துக்குப் பதினைந்து மாதங்கள் முன்புவரை உலக ஹெவிவெயிட் சாம்பியன் அவர்தான்.

அவர் எப்போது பிறந்தார் என்பதற்கு ஆவணம் கிடையாது. ஆர்கன்சா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு பருத்திக்காட்டில் பிறந்தார். 1930ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் இல்லை. 1940ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பத்து வயதுப் பையனாக இருக்கிறார். அவராகச் சொல்லிக்கொண்டது 1932 மே 8. வயதை மறைக்கிறார் என்று பத்திரிகைக்காரர்கள் கடைசிவரை நக்கல் செய்தார்கள். இந்த அரங்கில் அதற்குச் சிரிப்பவர் குறைவாகத்தான் இருப்பார்கள். நம் தாத்தாக்களில் எத்தனை பேருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட தேதிதான் பிறந்தநாள்!

அப்பா டோப் லிஸ்டன் வாரத்துக்குப் பயிர் செய்தவர். அந்த முறை நமக்குப் புதிதல்ல. நிலம் முதலாளியுடையது, விதை, கோவேறு கழுதை, கலப்பை, அறுவடைவரை சாப்பிடும் மாவு எல்லாம் அவர் கணக்கில் கடன். பருத்தி எடுத்து முடிந்ததும் பங்கும் அவர் பிரிப்பார், கடனும் அவர் கழிப்பார். கணக்குப் புத்தகம் ஒருவர் கையில் மட்டும் இருக்கும். இரண்டு மனைவியருக்குமாக டோப்புக்கு 25 பிள்ளைகள் என்பது குடும்பத்தார் சொன்ன கணக்கு. அந்தக் காட்டில் பிள்ளை என்றால் இரண்டு கை. வேலை குறைந்தால் அடி விழும். பல ஆண்டுகளுக்குப் பிறகும் சோனியின் முதுகில் அந்தத் தழும்புகள் இருந்தன.

அம்மா ஹெலன் 1946இல் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வேலை தேடிப் போனார். பையன் பின்னாலேயே போய்ச் சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். எழுத்துத் தெரியாத அத்தனை பெரிய உடம்பைச் சின்னப் பிள்ளைகள் கேலி செய்ததில் படிப்பு அதோடு நின்றது. அப்புறம் வழிப்பறி, கடைத் திருட்டு. 1950இல் ஐந்தாண்டுத் தண்டனை பெற்று மிசூரி மாநிலச் சிறைக்குள் போனார். சிறையில் மூன்று வேளையும் சாப்பாடு போட்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைக் குற்றவாளியின் திமிர் என்றும் படிக்கலாம். வெளியே இருந்த வாழ்க்கையைப் பற்றிய வாக்குமூலமாகத்தான் எனக்குப் படுகிறது.

சிறையிலிருந்த கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் அவரைக் குத்துச்சண்டைக்குத் திருப்பினார். 1952 அக்டோபரில் பரோல். அடுத்த மார்ச்சில் ஒலிம்பிக் சாம்பியன் எட் சாண்டர்ஸைத் தோற்கடித்து ‘கோல்டன் குளவ்ஸ்’ பட்டம். செப்டம்பரில் தொழில்முறைச் சண்டைக்காரராக முதல் போட்டி. எதிராளி அரை நிமிடத்தில் விழுந்தார். ஆனால் சிறை சென்ற, கையெழுத்துப் போடத் தடுமாறும் கறுப்பருக்கு மேலாளராக வர எந்த மரியாதைப்பட்டவர் தயாராக இருந்தார்? நிழலுலகம்தான் வந்தது. செயின்ட் லூயிஸில் ஜான் விட்டாலே. பிறகு, அந்நாளைய குத்துச்சண்டையையே கையில் வைத்திருந்த ஃபிராங்கி கார்போவும் பிளிங்கி பலெர்மோவும். லிஸ்டனின் உடம்பு அவர்களுக்குள் பங்கு போட்ட நிலம்போல ஆயிற்று. இங்கும் கணக்குப் புத்தகம் அடுத்தவர் கையில்.

அவரைப் புனிதராக்க நான் இங்கே நிற்கவில்லை. விட்டாலேயின் ஆட்களுக்காக அவர் அடியாள் வேலை பார்த்தார். 1956இல் ஒரு போலீஸ்காரரின் முழங்காலை உடைத்துத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவர் இழிசொல் சொன்னார் என்பது லிஸ்டன் தரப்பு. ஒன்பது மாதத் தண்டனையில் ஆறு மாதம் உள்ளே இருந்தார். 1957 முழுவதும் மேடை ஏறவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டே மேலே கேளுங்கள்.

1960 முடிவதற்குள் கிளீவ்லண்ட் வில்லியம்ஸ், ஜோரா ஃபாலி, எடி மேச்சன் என்று வரிசையாக எல்லோரையும் வென்றுவிட்டார். சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சனுடன் மோதுவதுதான் பாக்கி. பேட்டர்சனும் கறுப்பர், ஏழை வீட்டுப் பிள்ளை, சீர்திருத்தப் பள்ளியில் வளர்ந்தவர். ஆனால் அடக்கமாகப் பேசுபவர். வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடி அவரைச் சந்தித்தார். லிஸ்டன் வெல்லக்கூடாது என்பது அங்கே மறைவான விஷயமல்ல. இங்கே கவனியுங்கள்: கறுப்பின மக்களின் பெரிய உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யும் பேட்டர்சன் பக்கம் நின்றது. லிஸ்டனுக்கு வாய்ப்பே தராதே, அவன் சாம்பியனானால் நம் போராட்டத்துக்குக் கெட்ட பெயர் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அமைப்பின் மன்ஹாட்டன் தலைவர் பெர்சி சட்டன், நம்மைப் பிரதிநிதித்துவம் செய்யத் தகுந்தவர் பேட்டர்சன்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் லிஸ்டனை நேரில் பார்த்துப் பேசினார். அந்த மனிதனுக்குள் இருந்த வலியைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டும் பேட்டர்சன்மீதுதான் பந்தயம் கட்டினார். தன்னைப்போன்ற பிள்ளைகளிடம் தான் பேசினால் கேட்பார்கள், தான் அந்த வழியாக வந்தவன் என்று லிஸ்டன் அவரிடம் சொல்லியிருந்தார்.

1962 செப்டம்பர் 25, சிகாகோ. முதல் சுற்று, 2 நிமிடம் 6 நொடி. பேட்டர்சன் விழுந்தார். ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு, யாரும் அடையாளம் காணாதபடி ஊரைவிட்டுப் போனார். ஒரு சமூகத்தின் மரியாதை மொத்தத்தையும் ஒற்றை ஆளின் தோளில் ஏற்றினால் அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தாடியும் சாட்சி.

லிஸ்டன் அப்போது ஃபிலடெல்ஃபியாவாசி. ஊர் திரும்பும் விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜாக் மெக்கின்னி என்ற பத்திரிகையாளர். வரவேற்கக் கூட்டம் வரும், அவர்களிடம் என்ன பேசலாம் என்று லிஸ்டன் வழியெல்லாம் அவரிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல சாம்பியனாக இருப்பேன், என் மக்களைத் தலைகுனிய வைக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். கதவு திறந்தது. கீழே சில நிருபர்களும் விமான நிலைய ஊழியர்களும் நின்றார்கள். நகரத்திலிருந்து வேறு யாரும் வரவில்லை. அந்த நொடியில் அவர் முகம் மாறியதை மெக்கின்னி பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். லிஸ்டனின் வீழ்ச்சி அலியின் குத்தில் தொடங்கியது என்று எழுதுபவர்கள் இந்தப் படிக்கட்டை மறந்துவிடுகிறார்கள்.

மேயராக வேண்டாம், மரியாதையாவது கிடைக்குமா என்றால் அந்த நகரத்தில் அதுவும் இல்லை. போலீஸ் விடாமல் நிறுத்தி நிறுத்தி விசாரித்தது. டென்வர் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். 1963 ஜூலையில் லாஸ் வேகஸில் மறுபோட்டி. பேட்டர்சன் மறுபடி முதல் சுற்றில் விழுந்தார். அந்தக் கோடையில்தான் பர்மிங்ஹாமில் பிள்ளைகள்மீது நாய்களை ஏவிய படங்கள் உலகெங்கும் வந்திருந்தன. ஏன் நீங்கள் ஊர்வலத்துக்குப் போகவில்லை என்று கேட்டதற்கு, நாய்ப்பல் இறங்காத பின்புறம் எனக்கில்லையே என்றார். கசப்பான நகைச்சுவை. ஆனால் அழைத்தவர் யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. ஆண்டு முடிவில் ‘எஸ்குயர்’ பத்திரிகை அவருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பியை மாட்டி அட்டையில் போட்டது. விளம்பரதாரர்கள் பின்வாங்கினார்கள்.

அவரைக் கரடி என்று எழுதுவது பத்திரிகைகளுக்குப் பழக்கமாயிருந்தது. அதையே ‘அசிங்கமான கரடி’ என்று ஊரெல்லாம் கூவி விளம்பரமாக்கியவர் இளைஞர் கேசியஸ் கிளே, அதாவது நம் அலி. அவரை நேசிப்பவன் நான். ஆனாலும் கறுப்பு உடம்பை மிருகமாக்கும் பழைய வெள்ளை வசவை ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பர்மீது எறிந்தார் என்பதை மழுப்ப முடியாது. பின்னாளில் ஜோ ஃபிரேசியருக்கும் அதேதான் நடந்தது. நம்மிடையே ஒரு சாதி இன்னொரு சாதியைப் பார்த்துச் சொல்லும் சொற்கள் எங்கிருந்து இரவல் வாங்கியவை என்று ஆராய்ச்சி மாணவர் யாராவது எழுதினால் நல்லது.

1964 பிப்ரவரி 25, மயாமி பீச். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் முக்காலியிலிருந்து எழவில்லை; இடது தோளில் காயம் என்றார். அடுத்தது லூயிஸ்டன். முதல் சுற்றிலேயே, பலர் கண்ணில் படாத ஒரு குத்தில் விழுந்தார். விலைபோனாரா, பயந்தாரா, உண்மையிலேயே விழுந்தாரா என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறை குறைவு. அவர் என்ன செய்திருந்தாலும் கெட்டதையே நம்பத் தயாராக இருந்த நாடு அது.

பிறகு ஸ்வீடனில் நான்கு போட்டிகள், தொடர்ந்து பல வெற்றிகள். 1969 டிசம்பரில் லியோடிஸ் மார்ட்டினிடம் நாக் அவுட். 1970 ஜூனில் ஜெர்சி சிட்டியில் சக் வெப்னரைக் கிழித்து வென்றதுதான் கடைசிப் போட்டி. வெப்னருக்கு எழுபதுக்கு மேல் தையல். பட்டத்துக்கான வாய்ப்பு பிறகு வரவே இல்லை.

1971 ஜனவரி 5 அன்று, வெளியூர் போயிருந்த மனைவி ஜெரால்டின் லாஸ் வேகஸ் வீட்டுக்குத் திரும்பியபோது அவர் இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. வாசலில் சேர்ந்திருந்த செய்தித்தாள்களையும் பாலையும் எண்ணி, இறந்தது டிசம்பர் 30 என்று குறித்தார்கள். பிறந்த தேதிபோலவே இதுவும் ஊகம்தான். போலீஸ் ஹெராயின் என்றது. மருத்துவ விசாரணை இயற்கை மரணம் என்றது. ஊசி என்றாலே அவருக்குப் பயம் என்றார்கள் தெரிந்தவர்கள்.

சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஜோ லூயிஸும் ஒருவர். லிஸ்டன் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்களோ, அப்படியே இருந்தவர் லூயிஸ்: அடக்கமானவர், 1942இல் இரண்டு போட்டிகளின் வருமானத்தைப் படையினர் நிவாரண நிதிக்கு எழுதிக் கொடுத்தவர். போர் முடிந்ததும் வரித்துறை அவரை விடாமல் துரத்தியது. அந்நாட்களில் அவர் அதே லாஸ் வேகஸின் சூதாட்ட விடுதி ஒன்றில் வந்தவர்களுக்குக் கைகொடுத்து வரவேற்கும் வேலையில் இருந்தார்.

இறுதி ஊர்வலம் சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் அந்தப் பெரிய சாலை வழியாகப் போனது. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள்.